வெளிச்சம் ஏறாத கழுத்து

அணு உலையின் இரண்டு குவிமாடங்களும் அந்த ஊரில் எங்கே நின்றாலும் தெரியும். குளியலறைச் சன்னலைத் திறந்தால் தெரியும். பல் வைத்தியரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு சாய்ந்தால் தெரியும். கண்ணை மூடிக்கொண்டால்கூட இமைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவற்றுக்குக் கொட்டிய சிமெண்டில் நிலாவரைக்கும் சாலை போட்டு, மிஞ்சியதில் வழியில் இரண்டு டீக்கடையும் கட்டியிருக்கலாம் என்பது ஊர்க்கணக்கு.

அப்பேர்ப்பட்ட மலைகளில் என்றைக்காவது ஏதாவது ஆகிவிட்டால்? அதற்காக வீட்டுக்கு ஓர் அட்டைப் பெட்டி கொடுத்திருந்தார்கள். உள்ளே தகட்டில் பதித்த வெள்ளை மாத்திரைகள். பொட்டாசியம் அயோடைடு. ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. பெரியவர்களுக்கு முழுசு, பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பாதி, தவழ்கிற குழந்தைக்குக் கால், பிறந்த குழந்தைக்கு அரைக்கால். உடைக்கத் தோதாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டிருக்கும். சொல்லும்போது மட்டும் விழுங்க வேண்டும். சொல்கிறவரைக்கும் தொடக் கூடாது. சுகாதார நர்ஸ் அவ்வப்போது வேனில் வந்து, காலாவதியான பெட்டியை வாங்கிக்கொண்டு புதுப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போவார்.

குவிமாடத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பொத்தான் எப்படிப் பெரிதாகத் தெரியும்? "வெள்ளையடிச்சு மிஞ்சின சுண்ணாம்பை வில்லையாத் தட்டிட்டாங்க" என்றார் பேக்கரிக்காரர். தபால்கார அம்மாள் தன் பெட்டியை ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் கொடுத்திருந்தார். ஒருத்தர் ரோஜாச் செடிக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பூ தட்டு அகலத்துக்குப் பூத்தது என்று சாதித்தார். செடி செத்துப்போனதை அவருடைய பக்கத்து வீட்டார் சாதித்தார்கள்.

வால்வுக்காரரும் சுண்ணாம்புக் கட்சிதான். நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் தெருத் தெருவாக வால்வு திறந்து மூடி ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்கு வந்ததே தவிர அவர் கைக்கு வரவில்லை. எங்கேயாவது ஒரு குழாய் சொட்டினால் போதும், துக்க வீடாக இருந்தாலும் எழுந்து போய் அதை இறுக்கிவிட்டு வந்துதான் அழுவார். அந்தக் கைதான் கடைசியில் இத்தனைக்கும் காரணம்.

அவருடைய மனைவியைத் தெருவில் கத்திரியக்கா என்பார்கள். வீட்டின் முன்னறையில் பார்லர் வைத்திருந்தாள். கத்திரிக்கோலை எடுத்தால் முடி தானாக விலகி நின்று வழி விடும் என்று பெயர் வாங்கியவள். அவளுடைய கழுத்துக்குள் இருக்கிற தைராய்டு சுரப்பிக்குத்தான் கொஞ்ச காலமாக வெறி பிடித்திருந்தது. சுரப்பி ஓடினால் ஆளும் கூடவே ஓடியாக வேண்டும். நெஞ்சு தையல் மிஷின் மாதிரி அடித்தது. குளிர்காலத்தில் ஊரே போர்வைக்குள் சுருண்டு கிடந்தபோது அவள் மட்டும் மின்விசிறியைப் பார்த்து "இது சுத்துதா, தூங்குதா?" என்று கேட்டாள். தின்றது எங்கே போகிறதென்றே தெரியாமல் மெலிந்தாள். மாடிப்படி ஏறினால் உடுப்பு மட்டும் தனியாக ஏறிப் போகிற மாதிரி இருந்தது. கோபமோ கேட்கவே வேண்டாம். அவள் முன்னறையில் அதட்டினால் பின்தெரு நாய் உட்கார்ந்துவிடும்.

எல்லாவற்றையும்விட மோசம், கை நடுக்கம். வாடிக்கைக்காரர்கள் இரண்டு காதையும் இரண்டு கையால் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். தபால்கார அம்மாள் இடது புருவத்தில் பாதியைப் பறிகொடுத்துவிட்டு, அது வளர்கிற வரைக்கும் ஊரையே சந்தேகப்படுகிற முகத்தோடு கடிதம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

முதலில் கொடுத்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்துப் போயிற்று. அதற்கப்புறம்தான் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, கதிரியக்க அயோடின் வைத்தியத்துக்கு நாள் குறித்தார். ஒரே ஒரு குளிகை. விழுங்கினால் அது நேரே சுரப்பிக்குள் போய் உட்கார்ந்து, அதன் கொட்டத்தை உள்ளிருந்தே அடக்கிவிடும். ஆனால் விழுங்கியபின் சில வாரங்களுக்குக் கர்ப்பிணிகள், குழந்தைகள் பக்கம் நெருங்கக் கூடாது.

அந்தச் சில வாரத்தில்தான் கத்திரியக்காவின் உயிர் இருந்தது. இரண்டு தெரு தள்ளி அவளுடைய ஒரே மகள், தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். கத்திரியக்கா வைத்திய நாளையும் பிரசவ நாளையும் வைத்து விரலை மடக்கி மடக்கிப் பார்த்து, மட்டுமட்டாக இடம் இருப்பதைக் கண்டுபிடித்தாள்.

"இப்பவே முழுங்கிட்டா, குழந்தை வர்றதுக்குள்ள நான் சுத்தமாயிடுவேன். முதல்ல தூக்கப்போறது நான்தான். நர்ஸ் நீட்டுறதுக்கு முன்னாடி என் கை நீளும், பாருங்க."

"இந்த நடுங்குற கையா?" என்றார் வால்வுக்காரர்.

"நடுங்குனா என்ன, தொட்டில் செலவு மிச்சம்."

டாக்டரம்மா இந்த வைத்தியத்தை முழுசாக விளக்கிய அன்று வால்வுக்காரரும் கூடப் போயிருந்தார். போயிருந்தாரே தவிர, அறைக்குள் இல்லை. "சுரப்பியை அயோடினுக்காகப் பசியோட வச்சிருக்கணும்" என்று டாக்டரம்மா ஆரம்பித்த நேரத்தில், நடைவழிக் கைகழுவுமிடத்தில் ஒரு குழாய் சொட்டியது. அவருக்கு உடனே காது அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. உடம்பும் பின்னாலேயே போயிற்று. சட்டைப்பையில் இருந்த ரப்பர் வளையத்தை மாட்டி, திருகி, சொட்டு நின்றதை ரசித்து, பக்கத்துக் குழாயையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு அவர் திரும்பி வந்தபோது டாக்டரம்மா கடைசி வரியில் இருந்தார்: "குழந்தைங்க பக்கத்துல மட்டும் போயிடாதீங்க."

அந்த ஒரு வரி அவர் மனசில் முள்ளாக மாட்டிக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் கத்திரியக்கா மீனை நிறுத்தினாள், முட்டையை நிறுத்தினாள், பால் குடிப்பதை நிறுத்தினாள், கடை உப்பை ஒதுக்கிவிட்டு டாக்டரம்மா சொன்ன வேறு உப்பை வாங்கி வந்தாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் அவள் கத்துவாள், கத்தினால் நெஞ்சு படபடக்கும் என்று இவருக்குப் பயம். ஆனால் வேறொரு பயம் உள்ளுக்குள்ளே ஊறிக்கொண்டே வந்தது. பக்கத்தில் போனாலே குழந்தைக்கு ஆகாத ஒன்றை இவள் வயிற்றுக்குள்ளேயே அனுப்பப் போகிறாளாமே! இந்த எமனுக்குப் பயந்துதானே ஊரே பெட்டி வைத்திருக்கிறது? காற்றில் வந்தால் மாத்திரை போடு என்கிறார்கள். குளிகையில் வந்தால் மட்டும் சும்மா இருக்கலாமா?

ஆஸ்பத்திரிக்குப் போகிறதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் பெட்டியைத் தேடிப் பிடித்தார். பின்னறை அலமாரியில், முடிச்சாயக் குப்பிகளுக்குப் பின்னால் அது இருந்தது. கூட இருந்த காகிதத்தில் தலைப்பு மட்டும் கொட்டை எழுத்தில்: 'கதிரியக்க அயோடின் தைராய்டு சுரப்பியில் சேராமல் காக்கும்.' அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து. மூக்குக்கண்ணாடி முன்னறையில் இருந்தது, முன்னறையில் அவள் இருந்தாள். கொட்டை எழுத்தே போதும் என்று விட்டுவிட்டார்.

வாழ்நாளெல்லாம் சுண்ணாம்பு என்று சொன்ன மனுஷன், அன்றைக்கு அந்த ஒரு மாத்திரையைக் கரண்டிக் காம்பால் நசுக்கும்போது சாமி சன்னதியில் நிற்கிற மாதிரி நின்றார். எலுமிச்சைச் சாற்றில் கரைத்து, கை நிறைய சர்க்கரையைக் கொட்டி, கலக்கிக் கொண்டுபோய் நீட்டினார்.

ஒரு வாய் குடித்துவிட்டுக் கத்திரியக்கா டம்ளரைப் பார்த்தாள். "இது என்னங்க, குடிக்கவா, வாய் கொப்பளிக்கவா?"

"ஒரு சிட்டிகை உப்பு போட்டேன். களைப்புக்கு நல்லது."

"எந்த உப்பு?"

"டாக்டரம்மா உப்புதான்" என்றார். மாத்திரையும் டாக்டர்கள் கொடுத்ததுதான், எந்த டாக்டர் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான் என்று மனசாட்சிக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு மீதியையும் குடித்து முடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதை அவர் கடைசிச் சொட்டுவரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் 'அணு மருத்துவப் பிரிவு' என்ற பலகையின் கீழே வால்வுக்காரருக்குக் கால் ஓடவில்லை. தன் ஊரில் அணுவுக்குப் பயந்து மருந்து வைத்திருக்கிறார்கள். இங்கே அணுவையே மருந்தாக வைத்திருக்கிறார்கள்! உலகம் எப்பேர்ப்பட்ட ஆள் என்று அவர் வாயைப் பிளந்துகொண்டு நின்ற அழகைப் பார்த்து, துடைப்பத்தோடு வந்த பெண் அவரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பெருக்கினாள்.

பெரிய குளிகைக்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை உண்டு. காலையில் துளியூண்டு கதிரியக்க அயோடின் உள்ள சோதனைக் குளிகையைக் கொடுப்பார்கள். அதைச் சுரப்பி எவ்வளவு குடித்திருக்கிறது என்று பிற்பகலில் கழுத்தைப் படமெடுத்துப் பார்ப்பார்கள். கத்திரியக்கா காலையில் விழுங்கினாள். பிற்பகலில் கருவிக்கு அடியில் போய்ப் படுத்தாள். படமெடுக்கிற பெண் திரையைப் பார்த்தாள். ஒரு பொத்தானை அழுத்தினாள். மறுபடி பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"அம்மா, காலையில குடுத்ததை முழுங்கினீங்கல்ல? துப்பிடலையே?"

"துப்புறதுக்கா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தேன்? என்னவாம்?"

"படத்துல ஒண்ணுமே வரலையே."

"மிஷினைத் தட்டிப் பாரு."

"மிஷின் நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு முன்னாடி படுத்தவருக்குக் கழுத்துல பந்தம் கொளுத்தின மாதிரி எரிஞ்சுது. உங்க சுரப்பி வேகத்துக்கு இந்த அறையே பளீர்னு ஆகியிருக்கணும். இருமல் மருந்து ஏதாவது குடிச்சீங்களா? வேற ஸ்கேனுக்குச் சாயம் ஏத்தினாங்களா? கடல் சாமான் சாப்பிட்டீங்களா?"

"கடல் இருக்கிற திசைப் பக்கமே நான் திரும்பலைம்மா!"

"அப்புறம் எப்படி? கழுத்துல சுரப்பியே இல்லாத மாதிரி இல்ல காட்டுது!"

கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த வால்வுக்காரருக்கு இந்தக் கடைசி வாக்கியம் முழுசாகக் கேட்டது. பெஞ்சிலிருந்து எழுந்தார். எழுந்ததாகத்தான் அவர் நினைத்தார். பார்த்தால் தரையில் உட்கார்ந்திருந்தார். பிறகு எப்படியோ கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கைகூப்பினார்.

"தாயே, நான்தான் கரைச்சிட்டேன்."

"எதைக் கரைச்சீங்க?" என்றாள் படமெடுக்கிற பெண்.

"சுரப்பியை."

கருவிக்கு அடியில் படுத்திருந்த கத்திரியக்கா அசையக் கூடாது என்று சொல்லியிருந்ததால் கண்ணை மட்டும் திருப்பினாள். அந்தக் கண்ணுக்கே அவர் பாதி செத்தார். மீதி உயிரை வைத்துக்கொண்டு எலுமிச்சை, சர்க்கரை, கரண்டிக் காம்பு எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

"எந்த மாத்திரை? நீங்க எந்த ஊரு?"

"குவிமாடத்து ஊருங்க."

அந்தப் பெண் திரும்பவும் திரையைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் வருவதற்குப் பதிலாக வேறு ஏதோ வந்தது. ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். டாக்டரம்மாவும் வந்த வேகத்தில் திட்டத்தான் வாயைத் திறந்தார். திரையைப் பார்த்ததும் திறந்த வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

"சாயம் ஏத்திக்கிட்டு வந்த கழுத்தைப் பார்த்திருக்கேன்" என்றார் மெதுவாக. "அந்த மாத்திரை சாத்தின கழுத்தை இப்பதான் பார்க்கிறேன். ஐயா, இங்க வாங்க. சுரப்பி எங்கயும் போகலை. இதைப் பாருங்க."

வால்வுக்காரர் பார்த்தார். கழுத்தின் வெளிக்கோடு மங்கலாகத் தெரிந்தது. நடுவில் இருட்டு. ஒரு மினுக்குக்கூட இல்லாத, கடைந்தெடுத்த இருட்டு.

"சுரப்பிக்கு அயோடின்னா உசிரு. நல்லதா கெட்டதான்னு அதுக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. முதல்ல வர்றதைக் குடிக்கும். நீங்க குடுத்த மாத்திரையில இருந்தது நல்ல அயோடின். நேத்து சாயங்காலமே போய் உள்ளே இருக்கிற இடத்தையெல்லாம் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துடுச்சு. இன்னைக்குக் காலையில நாங்க அனுப்பினது வந்து பார்த்திருக்கு, நிக்க இடமில்லை. சிறுநீரோட வெளியே போயிருக்கு."

வால்வுக்காரரின் கை தன்னையறியாமல் மேலே எழுந்து காற்றில் எதையோ தூக்கிக் காட்டியது. "மேல்தொட்டியில மிதக்குற பந்து! தண்ணி நிறைஞ்சதும் அது மேல வந்து குழாய் வாயை அடைச்சுடும். அப்புறம் ஆத்தையே திருப்பி விட்டாலும் ஒரு சொட்டு உள்ளே போகாது."

"அதேதான்."

"அப்ப அது சுண்ணாம்பு இல்லையா?"

"யாரு சுண்ணாம்புன்னு சொன்னது?"

நாலு ஆள் உயரத்துக்குக் குழாய் பதித்து, ஆள் நின்று முறுக்குகிற வால்வுகளை அவர் திறந்து மூடியிருக்கிறார். ஒரு பொத்தானைவிடச் சின்ன வில்லை, எலுமிச்சைச் சாற்றில் கரைந்துபோய், வழி கேட்காமல், ஆயுதம் இல்லாமல், உடம்பின் இத்தனை சந்துபொந்துகளில் புகுந்து, சரியாக அந்த ஒரு சுரப்பியைத் தேடிக் கண்டுபிடித்து, சொட்டு ஒழுகாமல் அடைத்திருக்கிறது! அந்தக் குவிமாடத்துக்கு எதிரே இந்தப் பொத்தானை வைத்தவன் மனுஷனா, மகானா? ஊரில் எத்தனை பெட்டி! அத்தனையும் மேசைக்காலுக்கு அடியிலும் பூந்தொட்டியிலும் கிடந்துகொண்டு, ஒரு நாள் கூப்பிடுவார்கள் என்று வாயைத் திறக்காமல் காத்திருக்கிறது. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. வழுக்கையிலும் எறிந்ததாக அவர் பின்னாளில் சொல்லிக்கொண்டார்.

"ரொம்பப் பூரிக்காதீங்க" என்றார் டாக்டரம்மா. கோபம் இப்போதுதான் வந்து சேர்ந்தது. "காகிதத்துல பொடி எழுத்துல போட்டிருப்பாங்களே, படிச்சீங்களா? தைராய்டு நோய் இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காம தொடக் கூடாது. சில பேருக்குச் சுரப்பி இன்னும் எகிறிடும். இந்த நெஞ்சோட அது எகிறியிருந்தா இன்னைக்கு நாம படம் பார்த்துக்கிட்டு நிக்க மாட்டோம்."

"இனி என்ன பண்றது?" என்று படுத்தபடியே கேட்டாள் கத்திரியக்கா.

"அடைச்சது வடியணும்மா. சில வாரம் ஆகும். வடிஞ்சதும் மறுபடி படம். அப்புறம்தான் வைத்தியம்."

கத்திரியக்கா விரலை மடக்க ஆரம்பித்தாள். அந்த நடுங்குகிற விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி, ஓர் இடத்தில் நின்றுபோயின. வடிந்து முடிந்து, அவள் குளிகை விழுங்கி, ஒதுங்கியிருக்கிற வாரங்களுக்கு நட்டநடுவில் குழந்தை வந்து நின்றது.

"டாக்டரம்மா, என் மகளுக்குப் பிரசவம் ஆன பிறகு..."

"அவ்வளவு நாள் தள்ள உங்க நெஞ்சு சம்மதிக்காதும்மா. நான் பொய் சொல்ல மாட்டேன்."

கத்தினால் தேவலை என்று வால்வுக்காரர் காத்திருந்தார். அவள் கத்தவில்லை. பஸ்ஸில் சன்னல் பக்கம் உட்கார்ந்து, குவிமாடங்கள் தொலைவில் முளைத்து வளர்ந்து வானத்தைப் பிடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. ஊர் எல்லையில்தான் பேசினாள்.

"ஊரே சுண்ணாம்புன்னு சொன்னப்ப நீங்களும் சொன்னீங்க."

"ஆமா."

"எனக்குன்னு வந்ததும் மட்டும் எப்படி நம்பினீங்க?"

"பயந்துட்டேன்" என்றார்.

"நம்புறதுக்கு ஒரு நாள் பார்த்தீங்களே, அந்த நாளா பார்த்தீங்க?" என்றாள். குரலில் கொஞ்சம் பழைய அதட்டல் திரும்பியிருந்தது. அவருக்கு மூச்சு வந்தது.

சேதி ஊருக்குள் அவர்களுக்கு முன்னால் போய் இறங்கியிருந்தது. எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். மகளிடம் ஃபோனில் சொன்னது ஒரு தடவைதான். மறுநாள் காலையில் பார்லர் வாசலில் வரிசை நின்றது. முடி வெட்ட யாரும் வரவில்லை, கழுத்தைப் பார்க்க வந்தார்கள். அந்த மாத்திரை உள்ளே போய் வேலை செய்ததை ஊரில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. பார்த்த ஒரே சாட்சி இந்தக் கழுத்துதான்.

"அக்கா, தொட்டுப் பார்க்கலாமா?" என்றார் பேக்கரிக்காரர்.

"தொட்டா உங்க மீசையை வழிச்சிடுவேன்."

"உள்ள அடைச்ச மாதிரி ஏதாவது தெரியுதா?"

"உங்க வாயை அடைச்சா நல்லா இருக்கும்னு தெரியுது."

அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு, கோவிலைப் பார்க்கிற மாதிரி அந்தக் கழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கடையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார், தன் பேத்திகளின் பெட்டி எங்கே கிடக்கிறது என்று தேட. அன்றைக்கு ஊரில் கவிழ்க்காத அலமாரி இல்லை. இழுத்த இழுப்பறைகளின் சத்தத்தில் உலையில் ஏதோ ஆகிவிட்டது என்று காவலாளிகள் வெளியே வந்து பார்த்ததாகப் பேச்சு. தபால்கார அம்மாள் மேசைக் காலடியிலிருந்து பெட்டியை எடுத்தார். மேசை சாய்ந்து ஊர்த் தபாலெல்லாம் தரையில் கொட்டியது. "கொட்டட்டும்" என்றாராம். சுகாதார நர்ஸின் வேன் தெருவில் நுழைந்தபோது, முன்பு கதவைத் திறக்கவே சோம்பல்பட்டவர்கள் வாசலில் நின்று பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். "என்னங்க எல்லாருக்கும் திடீர்னு பக்தி?" என்று நர்ஸ் சிரித்தார். வால்வுக்காரர் வீட்டு வாசலில் மட்டும் அவர் சிரிக்கவில்லை. பெட்டியை மகளிடம் கொடுத்துவிட்டு, "இதை உங்க அப்பா கைக்கு எட்டாத இடத்துல வையுங்க" என்றார்.

வாரங்கள் வடிந்தன. நெஞ்சை அடக்கி வைக்க டாக்டரம்மா கொடுத்த மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டு, சன்னலை எல்லாம் திறந்து போட்டுக்கொண்டு, கத்திரியக்கா நாளைத் தள்ளினாள். மகள் தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவின் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். "உள்ளேயே இருடா, அவசரப்படாதே" என்று அந்த நடுங்குகிற கை வயிற்றோடு பேசும். வெளியே இருக்கிற தாத்தாவே யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, உள்ளே இருப்பவர் மட்டும் பேச்சைக் கேட்பாரா?

மறுபடியும் படம் எடுத்த நாளில் டாக்டரம்மா வால்வுக்காரரை அறைக்குள்ளேயே நிறுத்திக்கொண்டார். "இன்னைக்கு எந்தக் குழாய் ஒழுகினாலும் நகரக் கூடாது" என்று சொல்லிவிட்டார். இரண்டு தடவை எங்கேயோ சொட்டியது. அவர் இரண்டு கையையும் அக்குளில் இறுக்கிக்கொண்டு நின்றார்.

திரையில் முதலில் புள்ளி புள்ளியாக வந்தது. விதை தூவுகிற மாதிரி, இங்கே ஒன்று, அங்கே ஒன்று. அப்புறம் புள்ளிகள் மொய்த்தன. மொய்த்து, சேர்ந்து, இரண்டு இறக்கைகளாக விரிந்தன. அவர் மனைவியின் தொண்டைக்குள்ளே, இத்தனை வருஷம் அவள் அவரைத் திட்டிய, பாடிய, அவருக்காக அழுத அந்தத் தொண்டைக்குள்ளே, ஒரு வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்து கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கழுத்தைப் பார்த்துவருகிறவர் அவர். இப்படி ஒன்று உள்ளே குடியிருப்பதாக யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

"அழறீங்களா?" என்றாள் கத்திரியக்கா.

"அசையாதே. அது பறந்துடப் போவுது."

பெரிய குளிகை, அவளால் தூக்கவே முடியாத கனமான ஈயக் குடுவையில் வந்தது. குடுவைக்குள் குடுவை, அதற்குள் இன்னொரு குழல், அதற்குள் விரல் நுனி அளவு ஒரு குளிகை. யானையைக் கட்டி வைத்த கொட்டகையைத் திறந்தால் உள்ளே எறும்பு நின்ற மாதிரி. கத்திரியக்கா ஒரு மடக்குத் தண்ணீரில் அதை விழுங்கிவிட்டு, தூரத்தில் நின்றவரைப் பார்த்து, "இனிமே எனக்குச் சாறு கீறு எதையும் பிழிஞ்சீங்கன்னா தெரியும்" என்றாள். வீட்டுக்கு வந்து பின்னறையில் ஒதுங்கினாள். தனித் தட்டு, தனிப் படுக்கை.

அடுத்த வாரமே மகளுக்கு வலி கண்டது. பெண் குழந்தை. நர்ஸ் நீட்டியபோது நீண்டது வால்வுக்காரரின் கைதான். அவ்வளவு பெரிய வால்வுச் சக்கரங்களைத் திருகிய கை, அந்தக் கைப்பிடிக் கனத்தை ஏந்தியதும் கிடுகிடுவென்று நடுங்கியது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மகள் டாக்டரம்மாவிடம் ஃபோனில் கேட்டுப் பார்த்தாள். வெளியே, காற்றோட்டத்தில், நல்ல தூரத்தில் நின்று கொஞ்ச நேரம் காட்டலாம் என்று டாக்டரம்மா அனுமதி கொடுத்தார். காலை வெயிலில் கத்திரியக்கா பின்னறைச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முற்றத்தின் மறு கோடியில், வெளிக்கதவை ஒட்டி, வால்வுக்காரர் குழந்தையைத் துணியோடு ஏந்திக்கொண்டு நின்றார். பக்கத்தில் மகள்.

"தலையைப் பிடிங்க! குழாயைப் பிடிக்கிற மாதிரி பிடிக்காதீங்க!"

"பிடிச்சிருக்கேன்மா, பிடிச்சிருக்கேன்."

"அம்மா, இங்கயிருந்து முகம் தெரியுதா உனக்கு?" என்றாள் மகள்.

"நெத்தி தெரியுது. மூக்கு யாரு மாதிரி?"

"இன்னும் யாரு மாதிரியும் இல்ல" என்றார் வால்வுக்காரர். "மூக்குக்கு இடம் மட்டும் விட்டு வச்சிருக்கு."

"கழுத்து?"

அவர் துணியை மெதுவாக விலக்கிப் பார்த்தார். "கழுத்தே காணோம். தலை நேரா தோள்மேலயே உக்காந்திருக்கு."

"நல்லாப் பாருங்க. இருக்கும்."

அவர் குனிந்து பார்த்தார். தாடைக்குக் கீழே மடிப்புக்குள் மடிப்பு. அந்த மடிப்புகளுக்கு உள்ளே, பட்டாணி அளவுகூட இருக்குமோ இருக்காதோ, ஒரு சின்னஞ்சிறு இறக்கைக்காரி இப்போதே உட்கார்ந்துகொண்டு, தாய்ப்பாலில் வருகிற அயோடினைத் துளித் துளியாகக் குடித்துக்கொண்டிருக்கிறாள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் அவளுக்கு? வந்து முழுசாக ஒரு வாரம் ஆகவில்லை. முனிவர்கள் தவம் கிடந்து கற்றுக்கொண்டாலும் வராத வித்தையை இவள் தூங்கிக்கொண்டே செய்கிறாள். அவருக்கு மூச்சு விடவே கூச்சமாக இருந்தது.

"என்னங்க, ஏன் பேசாம நிக்கிறீங்க? குழந்தைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்கா." ஓர் அடி முன்னால் வைத்தார். அவருக்குத் தெரியாமலே வைத்தார். "கொஞ்சம் கிட்ட வந்து காட்டவா? ஒரே ஒரு நிமிஷம்?"

கத்திரியக்காவின் விரல்கள் கம்பியில் வெளுத்தன. அந்த ஓர் அடி அவளை அப்படி இழுத்தது.

"வேணாம்" என்றாள். "பின்னாடி போங்க. இன்னும் போங்க."

அவர் பின்னால் போனார். அவள் கையை ஆட்டி ஆட்டிக் காட்ட, வெளிக்கதவைத் தாண்டித் தெருவிலேயே போய் நின்றார். பேக்கரிக்காரர் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்தார். வெயில் குழந்தையின் முகத்தில் விழுந்தது. அது நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, உடம்பை முறுக்கி, அந்த இத்துணூண்டு வாயைத் திறந்து, ஊரையே விழுங்கிவிடுகிற மாதிரி பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது.

"கொட்டாவி!" என்று தெருவிலிருந்து கூவினார் வால்வுக்காரர். "கொட்டாவி விட்டா!"

"நான் பார்க்கலையே" என்று சன்னலிலிருந்து குரல் வந்தது. "மறுபடி விடச் சொல்லுங்க."